கப்சாய் தந்த கொல்லர் மகன்: சொய்ச்சிரோ ஹோண்டாவின் வாழ்க்கை

கோலசிலாங்கூரிலிருந்து ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என எந்தப் பக்கம் போனாலும், அங்குள்ள தோட்டங்களில் வளர்ந்த குடும்பங்களின் பழைய படங்களில் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் அடிக்கடி தென்படும். லயத்து வாசலில் சற்றே சாய்ந்து நிற்கும். முன்னால் கால்மறைப்பு, நடுவில் பள்ளமான உடல், தடித்த முன்கால், அதன் அடியில் முன்னோக்கி நீளும் ஒரு குட்டை இரும்புக் கை. விடியற்காலைப் பெரட்டுக்கு அப்பா போனதும் அதில்தான். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகள் போனதும், சம்பள நாளில் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போனதும் அதில்தான்.

அதை நாம் கப்சாய் என்கிறோம். ஹோண்டாவின் ‘கப்’ என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து அப்பெயர் பிறந்தது என்பர். நம் நாட்டில் குட்டி மோட்டார் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் அது கப்சாய்தான். அந்த வகை வண்டியை உலகுக்குத் தந்தவர் கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாத, ஒரு கிராமத்துக் கொல்லரின் மகன். பெயர் சொய்ச்சிரோ ஹோண்டா.

அவருடைய வாழ்க்கையைச் சொல்லும்போது மோட்டாரின் முன் ஃபோர்க்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் அதைக் ‘கவை’ என்று சொல்லலாம். கவட்டைக் குச்சி போல இரண்டாகப் பிரிந்து சக்கரத்தைப் பிடித்திருக்கும் உறுப்பு அது. பட்டறையில் யாரும் கவை என்பதில்லை, ஃபோர்க்தான். வண்டி ஓட்டுபவரின் கைக்குப் பணிவதும் பணியாமல் போவதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. ஹோண்டாவின் வெற்றிகள் சிலவும் தோல்விகள் சிலவும் அங்கேதான் முடிவாயின.

கொல்லுப் பட்டறையில் தொடக்கம்

1906 நவம்பர் 17ஆம் நாள், ஜப்பானின் ஷிசுவோக்கா மாநிலத்தில், ஹமமட்சு நகருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் சொய்ச்சிரோ பிறந்தார். தந்தை கிஹெய் கொல்லர். பின்னர் பழைய சைக்கிள்களைப் பழுது பார்த்து விற்கும் தொழிலையும் சேர்த்துக்கொண்டார். தாய் மிக்கா நெசவு தெரிந்தவர். இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஓசையும் தறியின் ஓசையும் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர்.

சிறு வயதில் கிராமத்துக்குள் முதன்முதலாக ஒரு கார் வந்தபோது அதன் பின்னாலேயே ஓடி, அது தரையில் சிந்திய எண்ணெயை முகர்ந்து பார்த்தார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் செய்தி. 1917இல் ஹமமட்சுவில் அமெரிக்க விமானி ஒருவர் சாகசம் காட்ட வந்தார். தந்தையின் பெரிய சைக்கிளை எடுத்துக்கொண்டு சிறுவன் சொய்ச்சிரோ அங்கே போனார். நுழைவுச் சீட்டு வாங்கப் பணம் போதவில்லை. மரத்தில் ஏறி அமர்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

1922இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் தோக்கியோவில் ஆர்ட் ஷோக்காய் என்ற கார் பழுதுபார்க்கும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். கருவிகளைத் தொடுவதற்கு முன் பல மாதங்கள் முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதே அவருக்குக் கிடைத்த வேலை. 1923இல் தோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. தேர்ந்த தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்பிவிட, மிஞ்சிய சிலரோடு எரிந்துபோன கார்களைச் சீராக்கும் வேலை அவர் கைக்கு வந்தது. உண்மையான தொழிற்கல்வி அதுதான். 1924இல் அந்தப் பட்டறை உருவாக்கிய பந்தயக் கார் வெற்றி பெற்றபோது, ஓட்டுநரின் பக்கத்தில் மெக்கானிக்காக அமர்ந்திருந்தவர் சொய்ச்சிரோ.

1928இல் அதே பட்டறையின் கிளையை ஹமமட்சுவில் தொடங்கினார். அக்காலக் கார்ச் சக்கரங்களின் ஆரங்கள் மரத்தால் ஆனவை. அவற்றுக்குப் பதிலாக வார்ப்பிரும்பு ஆரங்களைச் செய்து காப்புரிமை பெற்றார். பந்தய ஆசையும் விடவில்லை. 1936இல் தோக்கியோவுக்கு அருகே தமகவா ஓடுகளத்தில் அவர் ஓட்டிய கார் விபத்துக்குள்ளானது. அவரும் உடனிருந்த தம்பி பெஞ்சிரோவும் காயம் அடைந்தனர். வேகத்தில் வண்டி கைமீறினால் என்ன நடக்கும் என்பதை அவர் உடம்பாலேயே அறிந்துகொண்டார்.

மூன்று வளையங்கள்

அடுத்ததாக பிஸ்டன் வளையம் செய்யும் தொழிலில் இறங்கினார். வளையங்கள் சரியாக வரவில்லை. காரணம் புரிவதற்காக, முப்பது வயதைக் கடந்த நிலையில் ஹமமட்சு தொழிற்பள்ளியில் போய் உட்கார்ந்தார். டொயோட்டா நிறுவனத்துக்குக் கொண்டுபோன 50 வளையங்களில் 3 மட்டுமே தரச் சோதனையில் தேறின. தேர்வு எழுதாததால் அவருக்குப் பட்டயம் கிடைக்கவில்லை. ஆனால் எதைக் கற்க வேண்டுமோ அதைக் கற்றுக்கொண்டார். பிறகு அவர் வளையங்களை டொயோட்டா வாங்கியது.

போர் அவர் கட்டியதை அழித்தது. ஓர் ஆலை அமெரிக்கக் குண்டுவீச்சில் சேதமடைந்தது. மற்றொன்று 1945 சனவரியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இடிந்தது. எஞ்சியதை டொயோட்டாவிடம் விற்றுவிட்டு ஏறத்தாழ ஓராண்டு சும்மா இருந்தார்.

போருக்குப் பிந்திய ஜப்பானில் பேருந்தும் ரயிலும் நெரிசல், பெட்ரோல் தட்டுப்பாடு. அரிசி தேடி மக்கள் கிராமங்களுக்குச் சைக்கிளில் போய் வந்தனர். 1946இல் இராணுவ வானொலிக் கருவிக்கு மின்சாரம் தரப் பயன்பட்ட சிறிய இயந்திரம் ஒன்றை ஹோண்டா பார்த்தார். அதைச் சைக்கிளில் பொருத்தினார். பெட்ரோல் தாங்கியாக முதலில் வைத்தது குளிருக்கு வெந்நீர் நிரப்பும் ஒரு கலம். மனைவி சச்சி அதை ஓட்டிப் பார்த்தார். சைக்கிளில் இயந்திரத்தை மாட்டி விற்ற அந்தச் சின்னத் தொழில் 1948 செப்டம்பர் 24ஆம் நாள் ஹோண்டா மோட்டார் நிறுவனமானது.

அடுத்த ஆண்டு தக்கியோ புஜிசாவா அவரோடு சேர்ந்தார். ஹோண்டா இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார், புஜிசாவா பணத்தையும் விற்பனையையும் பார்த்துக்கொண்டார். நிறுவனத்தின் முத்திரையைக்கூட ஹோண்டா அவரிடமே ஒப்படைத்துவிட்டார். 1952இல் சைக்கிளின் பின்சக்கரத்தில் மாட்டும் ‘கப்’ இயந்திரம் வந்தபோது, நாடு முழுவதும் ஏறத்தாழ 50,000 சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதி விற்பனை வலையை விரித்தவர் புஜிசாவாதான். கப் என்ற பெயர் அப்போதே பிறந்துவிட்டது.

ஒரு கையால் ஓட்டும் வண்டி

1956இல் இருவரும் ஐரோப்பா சென்றனர். ஜெர்மனியில் மோப்பெட்டுகளையும் இத்தாலியில் ஸ்கூட்டர்களையும் பார்த்தனர். இவற்றில் எதையும் அப்படியே ஜப்பானுக்குக் கொண்டுவர முடியாது என்று ஹோண்டாவுக்குத் தோன்றியது. அன்றைய ஜப்பானில் பெரும்பாலான சாலைகள் தார் காணாதவை. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் அந்தப் பள்ளங்களில் விழுந்து எழ முடியாது.

பெண்களும் ஓட்ட வேண்டும், உடையில் எண்ணெய் படக்கூடாது, ஏறி இறங்கக் காலைத் தூக்க வேண்டியிருக்கக்கூடாது என்பவை புஜிசாவாவின் தேவைகள். உணவுக்கடைப் பையன் ஒரு கையில் நூடுல்ஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பது ஹோண்டாவின் கணக்கு. அதனால் கிளட்ச் பிடி நீக்கப்பட்டு, தானாக இயங்கும் கிளட்ச் வந்தது. 17 அங்குலச் சக்கரம் வேண்டும் என்று முடிவானது. அந்த அளவில் ஜப்பானில் டயர் கிடையாது. தேடி அலைந்து ஒரு சிறிய நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்துச் செய்து வாங்கினர்.

1958 ஆகஸ்டில் சூப்பர் கப் சி100 வெளிவந்தது. 49 சிசி, நான்கு ஸ்ட்ரோக் இயந்திரம், 4.5 குதிரைத்திறன், எடை சுமார் 55 கிலோ, விலை 55,000 யென். மாதிரியைப் பார்த்ததுமே மாதம் 30,000 விற்கும் என்று புஜிசாவா கணித்தார். அறையில் இருந்தவர்களால் நம்ப முடியவில்லை. 1960இல் அந்த அளவு உற்பத்திக்கென்றே சுசுக்கா நகரில் ஆலை எழுந்தது.

முன்காலின் இரகசியம்

சூப்பர் கப்பின் முன் ஃபோர்க் இன்று நாம் பார்க்கும் பெரும்பாலான மோட்டார்களில் இருப்பது போன்றதன்று. அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விளக்கம் தேவை.

பேரங்காடித் தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பாருங்கள். அது சுழலும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடுகிறது. அதனால்தான் தள்ளும் திசைக்குத் தானாகவே திரும்பி நேராக ஓடுகிறது. மோட்டாரிலும் இதே கதைதான். கைப்பிடி சுழலும் சாய்வான அச்சைத் தரைவரை நீட்டினால், அந்தக் கோடு சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். அது போதிய அளவு இருந்தால் வண்டி நேராகப் போகும். மிகுந்தால் திருப்புவதற்குக் கனக்கும். குறைந்தால் கைப்பிடி நடுங்கி வண்டி அலைபாயும்.

டெலஸ்கோபிக் ஃபோர்க்கில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வழுக்கிச் செல்லும். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கும். எண்ணெய் கொண்டு அதிர்வைத் தணிக்கும் இந்த வகையை 1935லேயே பிஎம்டபிள்யூ தன் வண்டிகளில் கொண்டுவந்தது. முன் பிரேக்கைப் பிடித்ததும் எடை முன்னால் சாயும். குழாய் உள்ளே போகும், வண்டியின் மூக்கு அமுங்கும். அந்த நேரத்தில் அச்சின் சாய்வு மாறி டிரெயிலும் குறையும். ஓட்டுநருக்கு நிதானம் தேவைப்படும் அதே நொடியில் வண்டி துடுக்காகிவிடும்.

சூப்பர் கப்பில் முன்கால் வழுக்குவதில்லை. தகட்டை அழுத்தி வார்த்த கால் அசையாமல் நிற்கும். அதன் அடியில் முன்னோக்கி நீளும் குட்டைக் கைதான் மேலும் கீழும் ஆடும். சக்கரத்தின் அச்சு அந்தக் கையின் முனையில். இதற்கு லீடிங் லிங்க் என்று பெயர். ஸ்பிரிங் காலுக்குள் மறைந்திருப்பதால் சேறும் மணலும் எளிதில் அண்டாது. வழவழப்பாகக் கடைந்த குழாய்கள் தேவையில்லை என்பதால் செலவும் குறைவு. பள்ளத்தில் விழும்போது டிரெயில் அதிகம் மாறுவதில்லை.

பழைய கப் ஓட்டியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். முன் பிரேக்கைப் பிடித்தால் அந்த வண்டியின் மூக்கு அமுங்காது, மேலே எழும்பும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பிரேக் தட்டையும் தன்னோடு சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். அந்த விசை குட்டைக் கையைக் கீழ்நோக்கி அழுத்தும். கை கீழே போனால் வண்டியின் முன்பக்கம் உயரும். முதன்முறை ஓட்டுபவருக்கு இது விநோதமாக இருக்கும். பழகியவருக்கு அதுவே இயல்பு.

குறையும் உண்டு. கை குட்டை என்பதால் சக்கரம் ஏறி இறங்கும் தூரம் குறைவு. பெரிய பள்ளத்தில் ‘டக்’ என்று அடிக்கும். கையின் மூட்டிலுள்ள புஷ் தேய்ந்துவிட்டால் முன்சக்கரம் ஆட்டம் காணும். முன்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தே மெக்கானிக் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஐல் ஆஃப் மேன் பாடம்

1954இல் நிறுவனம் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தபோதே, உலகின் மிகக் கடுமையான மோட்டார் பந்தயமான ஐல் ஆஃப் மேன் டிடியில் கலந்துகொள்ளப் போவதாக ஹோண்டா அறிவித்தார். அதே ஆண்டு அந்தத் தீவுக்கு நேரில் சென்று பார்த்தார். ஜெர்மனியின் என்எஸ்யூ வண்டிகள், அதே கொள்ளளவில், தம் இயந்திரங்களைவிடப் பல மடங்கு திறன் தருவதைக் கண்டு அதிர்ந்துபோனார். திரும்பும்போது டயர், சங்கிலி, கார்புரேட்டர் எனக் கையில் அள்ளக்கூடியதையெல்லாம் அள்ளி வந்தார். அந்த என்எஸ்யூ பந்தய வண்டிகளின் முன்னால் இருந்ததும் லீடிங் லிங்க் ஃபோர்க்தான்.

1959இல் ஹோண்டா அணி முதன்முறையாக அங்கே போனது. 125 சிசி வண்டிகள். முன்னால் லீடிங் லிங்க். நவோமி தனிகுச்சி 6ஆவது இடம் பிடித்தார். அணிப் பரிசும் கிடைத்தது. ஆனால் வேகம் கூடக் கூட, அந்த ஃபோர்க் பந்தயச் சாலைக்குப் போதாது என்பது தெளிவானது. அடுத்த ஆண்டு பந்தய வண்டிகளில் டெலஸ்கோபிக் ஃபோர்க் வந்துவிட்டது. தம் வண்டியின் அடையாளமாக இருந்த அமைப்பையே பந்தயத்தில் ஒதுக்கிவைக்க ஹோண்டா தயங்கவில்லை. 1961 டிடியில் 125 சிசி, 250 சிசி ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டாவுக்கே. இரண்டையும் வென்றவர் மைக் ஹெயில்வுட்.

அதே ஹெயில்வுட் வழியாகத்தான் மறுபக்கப் பாடமும் வந்தது. 1966, 1967 ஆண்டுகளில் ஹோண்டாவின் 500 சிசி வண்டிக்கு அபாரமான இயந்திரம் இருந்தது. சட்டகமும் சஸ்பென்ஷனும் அந்த வலிமைக்கு ஈடுகொடுக்கவில்லை. நேர்ச்சாலையில்கூட வண்டி அலைபாய்ந்தது. உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்களில் ஒருவர் அதில் அமர்ந்திருந்தும், இருமுறையும் ஓட்டுநர் பட்டம் இத்தாலியின் எம்வி அகஸ்டா வண்டியில் வந்த அகோஸ்தினிக்கே போனது. 1966இல் ஐந்து பிரிவுகளிலும் தயாரிப்பாளர் பட்டத்தை வென்ற நிறுவனத்துக்கு, அந்த 500 சிசி ஓட்டுநர் பட்டம் அப்போது கைகூடவில்லை. இயந்திரம் எவ்வளவு வலிமையாக இருந்தாலும், அதைத் தாங்கி நடத்தும் எலும்புக்கூடு சரியில்லாவிட்டால் பயனில்லை என்பதை ஹோண்டாவுக்கு அந்த ஆண்டுகள் உணர்த்தின.

பினாங்கு வழியாக நம் தோட்டங்களுக்கு

ஹோண்டாவை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கின் லோ பூன் சியூ. சீனாவின் ஃபுஜியான் மாநிலத்தில் 1915இல் பிறந்து, சிறுவனாகப் பினாங்குக்கு வந்தவர். பேருந்துகளைக் கழுவியும் மெக்கானிக் வேலை செய்தும் முன்னேறியவர். பள்ளிப் படிப்பு இல்லாதவர். 1950களின் இறுதியில் ஜப்பான் சென்றபோது அந்தச் சின்ன வண்டியைப் பார்த்தார். அது மலாயாவில் ஓடும் என்று கண்டுகொண்டார். ஹோண்டாவின் விற்பனை உரிமை அவருக்குக் கிடைத்தது. எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு வாழ்வைத் தொடங்கிய இருவருக்குள் ஒரு புரிதல் ஏற்பட்டதில் வியப்பில்லை. பின்னாளில் இங்கேயே வண்டியைப் பொருத்தும் ஆலையும் வந்தது. இன்றும் பெரியவர்கள் பலர் ‘பூன் சியூ ஹோண்டா’ என்றே சொல்வார்கள். லோ 1995இல் காலமானார்.

ஜப்பானியக் கிராமச் சாலைக்காகச் செய்த வண்டி நம் தோட்டத்துச் சடக்குக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது. கோலசிலாங்கூர் கடலோரப் பகுதி களிமண் பூமி, மழை பெய்தால் வழுக்கும். உள்ளே போகப் போகச் செம்மண் சடக்கு, வெயிலில் புழுதி, மழையில் சேறு. கரிமண் நிலத்தில் போட்ட சாலையோ ஆங்காங்கே அமிழ்ந்து அலை அலையாக நிற்கும். 17 அங்குலச் சக்கரம் பள்ளத்தைத் தாண்டியது. மூடிய சங்கிலியும் கால்மறைப்பும் சேற்றைத் தடுத்தன. முன்காலின் ஸ்பிரிங் உள்ளே பத்திரமாக இருந்தது.

பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா, அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. பின்னாளில் பால்மரக் காடுகள் செம்பனையாக மாறின. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில வீட்டுமனைகளாயின. வேலை வெளியூருக்கு நகர்ந்தது. பேருந்து எட்டிப் பார்க்காத லயத்திலிருந்து தொழிற்சாலைக்கும், இடைநிலைப் பள்ளிக்கும், மருத்துவமனைக்கும் போக ஒரு வழி தேவைப்பட்டது. கார் எட்டாக்கனியாக இருந்த குடும்பங்களுக்கு அந்த வழி கப்சாய். தோட்டத்துக்கு வெளியே வேலை தேடிக்கொள்ளும் துணிவை நம் மக்களுக்குத் தந்தவற்றில் அந்தக் குட்டி மோட்டாருக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தப் பயணங்களில் ஆபத்தும் இருந்தது. பின்னால் அரிசி மூட்டையோ கேஸ் தோம்போ கட்டினால் எடை முழுவதும் பின்சக்கரத்தின் மேல் இறங்கும், முன்சக்கரம் இலேசாகும். கைப்பிடி பிடிகொடுக்காமல் மிதக்கும். அனுபவசாலிகள் கனமான பொருளை நடுவில், காலடியில் வைத்து ஓட்டியது காரணத்தோடுதான்.

ஒதுங்கத் தெரிந்த மனிதர்

ஹோண்டா பிடிவாதக்காரர். ஆத்திரம் வந்தால் பட்டறையில் கருவியைத் தூக்கி எறிவார், கையும் ஓங்குவார். 1960களின் இறுதியில் கார் இயந்திரத்தைக் காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். இளம் பொறியாளர்கள் நீரால் குளிர்விப்பதே சரி என்றனர். 1968 பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில், காற்றால் குளிரும் ஹோண்டா காரை ஓட்டிய ஜோ ஷ்லெஸ்ஸர் விபத்தில் உயிரிழந்தார். அதற்குப் பிறகும் ஹோண்டா இறங்கி வரவில்லை.

இறுதியில் பேசியவர் புஜிசாவா. நீங்கள் தலைவராக இருக்க விரும்புகிறீர்களா, பொறியாளராக இருக்க விரும்புகிறீர்களா என்பதே அவர் கேட்டதன் சாரம். தலைவராக இருப்பதென்று ஹோண்டா முடிவு செய்தார். பொறியாளர்கள் தங்கள் வழியில் போக அனுமதி கிடைத்தது. 1972இல் அவர்கள் உருவாக்கிய நீர்க்குளிர்ச்சி இயந்திரம், அமெரிக்காவின் கடுமையான புகைக் கட்டுப்பாட்டுக்கு ஈடுகொடுத்து உலகின் கவனத்தை ஈர்த்தது. தம் காலம் முடிந்துவிட்டது என்பதை ஹோண்டா உணர்ந்தார். 1973இல், தம் 66ஆவது வயதில், புஜிசாவாவோடு சேர்ந்தே பதவி விலகினார். நிறுவனத்தைத் தம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவில்லை.

ஓய்வுபெற்ற பின் அவர் செய்த முதல் வேலை நன்றி சொல்வது. ஜப்பான் முழுவதும் சுற்றி, சின்னச் சின்ன விற்பனைக் கடைகள்வரை போய் ஊழியர்களின் கைகளைக் குலுக்கினார். ஓரிடத்தில் ஓர் இளைஞர் தம் கையில் எண்ணெய்க் கறை இருப்பதைக் கண்டு கழுவ ஓடினார். ஹோண்டா அவரைத் தடுத்து, அந்தக் கறை படிந்த கையையே பற்றிக்கொண்டார். அவருடைய இடக்கையிலும் சுத்தியலும் உளியும் ஏற்படுத்திய தழும்புகள் நிறைய. வெட்டுக்கத்தியும் பால் வாளியும் பிடித்துக் காய்த்துப்போன கைகளைப் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு அந்தக் கையின் அருமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்றைய இளைஞர்களுக்கு

சூப்பர் கப் வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது. ஜப்பானில் 2009இல் வந்த 110 சிசி சூப்பர் கப்பிலிருந்து டெலஸ்கோபிக் ஃபோர்க் இடம்பிடித்தது. சாலைகள் தார் பூசிக்கொண்டன, வேகம் கூடியது. நீண்ட தூரம் ஏறி இறங்கும் ஃபோர்க் தேவைப்பட்டது. நம் சாலைகளில் இன்று ஓடும் கப்சாய்களிலும் பெரும்பாலும் அதுதான்.

மாறாதது ஒன்று உண்டு. முன் ஃபோர்க்கின் நீளமும் சாய்வும் ஏதோ அழகுக்காக வைத்தவை அல்ல. வண்டியைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கை வெட்டுவதும், ஃபோர்க் குழாய்களை மேலே ஏற்றிப் பொருத்துவதும் இளைஞர்களிடையே ஒரு மோகமாக இருந்து வருகிறது. முன்பக்கம் தாழ்ந்தால் டிரெயில் குறையும். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் 100ஐத் தொடும்போது ஒரு சின்னப் பள்ளம் போதும், கைப்பிடி உதறத் தொடங்கும். இந்நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் சீலை மாற்றுவதும், கைப்பிடியின் கழுத்தில் ஆட்டம் இருந்தால் பேரிங்கைப் பார்ப்பதும், மெக்கானிக்கிடம் அரை நாள் வண்டியை விட்டால் முடிகிற வேலைகள்.

சொய்ச்சிரோ ஹோண்டா 1991 ஆகஸ்ட் 5ஆம் நாள், தம் 84ஆவது வயதில் தோக்கியோவில் காலமானார். அதே ஆண்டில்தான் மலேசியாவின் முதல் மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ பந்தயம் ஷா ஆலாமில் நடைபெற்றது.

தமக்குப் பெரிய அளவில் நிறுவன இறுதிச் சடங்கு வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். கூட்டம் சேர்ந்தால் சாலையில் நெரிசல் ஏற்படும், வண்டி செய்து வாழ்ந்தவன் வண்டிகளின் வழியை மறிக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். அவர் விருப்பப்படியே நடந்தது. அன்றும் கோலசிலாங்கூர் சடக்குகளில் கப்சாய்கள் வழக்கம்போல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன.